பழைய வீட்டுச் செப்புக் குழாயும் பறிபோன 840 பவுண்டும்

840 பவுண்டு. சனிக்கிழமை கொடுத்தேன். ஞாயிறு இரவே கூடத்தின் மேற்கூரை ஊறித் தொங்கியது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். லண்டனில் பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களாவது தப்பட்டும்.

ஹாரோவில் எங்களுடையது 1930களில் கட்டிய வீடு. மாடியில் ஒரு ரேடியேட்டரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. வேலையாட்களைப் பிடித்துத் தரும் கைபேசிச் செயலி ஒன்றின் வழியாக வந்தவர் தமிழர். தரைப்பலகையைத் தூக்கினார். பல பூச்சு பெயின்ட்டுக்கு அடியில் தடித்த குழாய்; மூட்டுகளில் அறுகோணப் பித்தளை; மரை முடியும் இடத்தில் சணல் நார் துருத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, இது வழக்கமான குழாய் மாதிரி இல்லையே?"

"22 மில்லிமீட்டர்தான் அக்கா. இதுபோல் எத்தனையோ பார்த்திருக்கிறேன்."

அந்த 'அக்கா'வை நம்பினேன். அளவு பார்க்கும் கருவியை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கேட்கவில்லை. தேநீர் கொடுத்தேன். வேலை முடிந்ததும் 840 பவுண்டையும் அவர் வங்கிக் கணக்கில் போட்டேன்.

அவர் வெட்டிப்போட்ட துண்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. வெளிவிட்டம் 22 இல்லை, 21-ஐ ஒட்டி நிற்கிறது. சுவரின் தடிப்பு 2 மில்லிமீட்டர். இன்றைய 22 மில்லிமீட்டர் குழாயின் சுவர் பெரும்பாலும் 0.9தான், அவ்வளவு மெல்லிய சுவரில் மரை வெட்டவே முடியாது. தடிப்பைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். அவரோ 22 மில்லிமீட்டர் குழாய்க்கான புது இறுக்கு வளையத்தை மூட்டில் மாட்டி, பிடிக்காததை ஸ்பேனரால் இறுக்கி இறுக்கிப் பிடிக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாய்லர் சூடேறியதும் மூட்டு வழுக்கிவிட்டது.

திங்களன்று கூப்பிட்டேன். "பழைய குழாய் அக்கா, நான் என்ன செய்ய?" அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. செயலிக்காரர்களிடம் போனால், "நாங்கள் ஆளை அறிமுகப்படுத்துவதோடு சரி" என்றார்கள். படம் கேட்டார்கள், அனுப்பினேன். மறுநாள் வேறொருவர் அதே படங்களைத் திரும்பக் கேட்டார். 840 பவுண்டு வாங்கிக்கொண்டு செய்த வேலைக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை! 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

குழாயை அடையாளம் காண்பதைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் ஒரு மூலையில் பெயின்ட்டை ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், தூளை மூச்சில் இழுக்காதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். செந்நிறம் தெரிந்தால் செம்பு. மூட்டில் மரையும் சணலும் இருந்தால், கருவி வைத்து அளக்காமல் யாரையும் வெட்ட விடாதீர்கள். ரேடியேட்டர் சூடேறி ஓர் இரவு கழியாமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நாளை வேறொருவர் வருகிறார். அதுவரை பாய்லரை அணைத்துவிட்டு, அம்மா கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.