இருக்கையே பணியைச் சொல்லட்டுமா, அலுவலர் சொல்லட்டுமா?

தீயணைப்பு வண்டியின் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு பணியையும் ஒரு கருவியையும் முன்பே குறித்து வைப்பது ஒரு முறை. சம்பவ இடத்தில் இறங்கிய பிறகு, நிலைமையைப் பார்த்து அலுவலர் வேலையைப் பிரித்துக் கொடுப்பது இன்னொரு முறை. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையின் ஏணி வண்டிகளில் முதல் முறையே நடைமுறை. அலுவலரும் ஓட்டுநரும் போக, கதவுடைக்கும் கருவிகள் ஒருவருக்கு, கையில் தூக்கிச் செல்லும் தண்ணீர் அணைப்பான் ஒருவருக்கு, கூரை ஒருவருக்கு, வெளியிலிருந்து ஜன்னல்களைத் திறந்து புகையை வெளியேற்றும் பணி ஒருவருக்கு.

இரண்டாம் முறையை விரும்புவோர், எந்த இரண்டு தீயும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த நெகிழ்வின் சுமை முழுவதும் அலுவலர் தலையில் விழுகிறது. கட்டடத்தைச் சுற்றி நடந்து, புகை எங்கிருந்து, என்ன நிறத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டிய முதல் நிமிடத்தில், அவர் ஆளுக்கொரு கருவியைச் சொல்லிக்கொண்டு நிற்க நேரிடுகிறது.

பூட்டிய கதவு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பணி பிரிக்கப்படாத குழுவில் இருவர் ஒரே நாசிலை நோக்கி ஓடுவார்கள்; ஹோஸில் தண்ணீர் ஏறி அது விறைத்து நிற்கும்போதுதான், கதவை நெம்பித் திறக்கும் ஹாலிகன் கம்பி வண்டியிலேயே இருப்பது நினைவுக்கு வரும். அதை எடுத்து வர ஒருவர் திரும்பி ஓடினாலும், தட்டைமுதுகுக் கோடரியையும் சேர்த்து எடுத்து வராவிட்டால் பயன் குறைவு. கம்பியின் கவட்டு முனையைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே செருகி, கோடரியின் முதுகால் அடித்து இறக்கினால்தான் கதவு நெம்பும். இருக்கை முறையில் இந்த இரண்டும் ஒரே வீரரின் கையில் சேர்ந்தே இறங்குகின்றன.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. புகைக்குள்ளிருந்து ஒருவரின் குரல் வாக்கி டாக்கியில் நின்றுபோனால், அவருடைய இருக்கையை வைத்தே அவர் எந்தப் பகுதியில் இருந்திருப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் தேடத் தொடங்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இருக்கை முறையின் பக்கம் நிற்கிறேன்.

அதற்கும் குறைகள் உண்டு. தீக்கு வகுத்த பட்டியல் சாலை விபத்துக்குப் பொருந்தாது. கூரையைக் கிழிக்கும் கொக்கியோடு இறங்குபவருக்கு அங்கே வேலையில்லை, ஹைட்ராலிக் கட்டரை எடுப்பவர் யார் என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். ஆள் குறைவது இதைவிடக் கடினமான சிக்கல். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த தரமான என்.எஃப்.பி.ஏ. 1710, ஒரு பம்ப் வண்டிக்குக் குறைந்தது 4 பேரைக் கேட்கிறது. மூவரே வரும் நாளில் எந்தப் பணியை யார் சேர்த்துச் செய்வது, எது அடுத்த வண்டி வரும்வரை காத்திருப்பது என்பதையும் பட்டியலே சொல்லாவிட்டால், குழு மறுபடியும் பழைய குழப்பத்துக்கே திரும்பிவிடும். முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு அலுவலர் பணிகளை மாற்றியமைக்கத் தடையும் இருக்கக் கூடாது.

ஷிஃப்ட் மாறும்போது பலகையில் பெயரை எழுதுவதோடு இது முடிவதில்லை. விடுப்பில் போனவருக்குப் பதிலாக வருபவர் அந்த இருக்கையில் ஒருமுறை அமர்ந்து, அதற்குரிய கருவியைக் கையில் எடுத்துப் பார்த்து, தன் மூச்சுக் கருவியின் சிலிண்டர் அழுத்தத்தையும் சரிபார்த்த பிறகே இருக்கை நிரம்பியதாகக் கணக்கு.