சஃபாரி டிப்ஸ்: டாலரா, ஷில்லிங்கா?

கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி பக்கம் போகிறவர்களுக்கு டிப்ஸை எந்தப் பணத்தில் கொடுப்பது என்ற குழப்பம் கட்டாயம் வரும்.

வண்டியும் ஓட்டி, சிங்கத்தையும் தேடிக் காட்டும் கைடுக்கு டாலர் சரி. பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 டாலர் என்பது வழக்கம். தினமும் நீட்ட வேண்டாம். கடைசி நாளில் உறையில் போட்டு மொத்தமாகக் கையில் கொடுத்தால் போதும். ஆனால் நோட்டைப் பார்த்து எடுத்துப் போங்கள். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது, ரொம்பப் பழைய வரிசை என்றால் அங்கே மாற்றுவது பெரும்பாடு. 1 டாலர், 5 டாலர் நோட்டுகளுக்குப் பல இடங்களில் குறைத்துத்தான் தருவார்கள்.

அதனால் பெட்டி தூக்குபவருக்கும் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உள்ளூர்ப் பணமான ஷில்லிங்தான் நல்லது. 200 கென்ய ஷில்லிங் கொடுத்தால் அன்றைக்கே கடையில் செலவழிக்கலாம். ஒற்றை டாலரை வைத்துக்கொண்டு காட்டுக்குள் அவர் என்ன செய்வார்? சமையல்காரர் போலக் கண்ணில் படாதவர்களுக்கு வரவேற்பறையில் பொது உண்டியல் இருக்கும். அதில் எதையும் போடலாம், டாலர் காசுகளைத் தவிர.

அப்புறம், கென்ய ஷில்லிங் வேறு, தான்சானிய ஷில்லிங் வேறு. மீந்ததை இரு நாட்டுக்கும் நடுவே உள்ள நமாங்கா எல்லையிலேயே மாற்றிவிடுங்கள்.