வெயிலில் காய்ந்த பொடியும் சட்டியில் வறுத்த தூளும்

அன்றாடக் குழம்புக்கு எந்தப் பொடி ஏற்றது என்று பேசத் தொடங்கினால், மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்ற கணக்கில்தான் பேச்சு போய் நிற்கிறது. அந்தக் கணக்கைவிட, சாமான்கள் எந்தக் கட்டத்தில் சூடு படுகின்றன என்பதே சுவையைப் பெரிதும் மாற்றுகிறது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டு வீடுகளில் மில்லுக்குப் போகும் குழம்புப் பொடியில் பெரும்பாலும் 2 பங்கு மல்லிக்கு 1 பங்கு மிளகாய் இருக்கும். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் ஆகியவை வீட்டுக்கு வீடு கூடியும் குறைந்தும் சேரும். மொட்டைமாடியில் நல்ல வெயிலில் மிளகாய் உடைந்து கலகலக்கும் வரை காய வைத்து, பருப்புகளை மட்டும் லேசாக வறுத்துச் சேர்ப்பதே பல வீடுகளின் வழக்கம். மல்லியும் மிளகாயும் வறுபடாததால் பொடியில் பச்சை வாசனை தங்கியிருக்கும். அது போகப் புளித்தண்ணீரில் நன்றாகக் கொதித்தாக வேண்டும். வற்றக் காய்ச்சும் காரக்குழம்புக்கு இது குறையே அன்று, பொருத்தம். சாம்பாரைக் கெட்டியாக்கும் வேலையையும் பருப்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதே பருப்பால்தான் டப்பாவில் வண்டும் வருகிறது.

மில்லிலிருந்து வந்த பொடியைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, ஈரம் பொடியில் இறங்கிக் கட்டி பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி, முழுதும் ஆறிய பின்பே அள்ள வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் கறிமசாலா அரைத்துவிட்டுப் போன நாளில், என் சாம்பார்ப் பொடி மூன்று மாதம் பட்டை மணத்தோடே இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வேறு வழியில் போகிறது. செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் (சோம்பு), நற்சீரகம் (நம் சீரகம்), வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கிறார்கள். மல்லி சிவக்கும் நேரத்தில் சீரகம் கருகிவிடும் என்பதால் ஒன்றாகக் கொட்டி வறுக்க முடியாது. பருப்பு கிடையாது, மிளகாயின் பங்கு பொதுவாக நம் பொடியைவிட அதிகம். வறுத்ததால் நிறம் கரும்பழுப்பாகிறது, பச்சை வாசனையும் முன்பே போய்விடுகிறது. நெடுநேரம் கொதித்தால் திரிந்துவிடும் தேங்காய்ப்பாலோடு இது ஏன் இவ்வளவு இணங்கிப் போகிறது என்பது இங்கே விளங்கும். மீன் கறிக்கும் உருளைக்கிழங்குக் கறிக்கும் இதற்கு இணையாக நம் பொடியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை இதையே முருங்கைக்காய்ச் சாம்பாரில் போட்டேன்; பெருஞ்சீரக மணம் பருப்பை முழுதாக மூடிவிட்டது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் அதைச் சாம்பார் என்றும் யாரும் சொல்லவில்லை.

மணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிப்பதானால், மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய், சிறிது வெந்தயம், தேங்காய்த் துருவல் ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து அப்போதே அரைத்து விடும் முறைக்கு இரண்டும் தோற்கும். மல்லியின் வாசனை எண்ணெய் காற்றில் பறந்து போகும் தன்மையது. அரைத்த நாளிலிருந்தே குறையத் தொடங்குகிறது. எனினும் காலை ஏழு மணிக்கு டிபன் டப்பா கட்டும் வீட்டில் இது நடக்காது. தேங்காய் சேர்ந்த குழம்பு வெளியே இருந்தால் இரவுக்குள் ஊசியும் போகலாம்.

பாக்கெட் பொடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உறையில் சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து வரிசைப்படுத்தியிருப்பார்கள் என்பதால், உப்பு அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்கினால், குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

என் சமையலறையில் இப்போது இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. சைவக் குழம்புகளுக்கு மில் பொடி. அதற்குக் காரம் தர இராமநாதபுரம் குண்டு மிளகாய், நிறம் தர கர்நாடகத்துப் பேடகி மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் குண்டு மிளகாயின் தோல் தடிப்பாக இருப்பதால், வெயிலில் ஒரு நாள் கூடுதலாகவே போடுகிறேன். மீனுக்கும் தேங்காய்ப்பால் கறிக்கும் வறுத்த தூள், ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் செய்வதில்லை. பொடியில் வெந்தயம் சேர்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். தாளிக்கும்போது கால் தேக்கரண்டி போட்டால் கசப்பு கைக்குள் நிற்கிறது.