வெளிநாட்டில் நீண்டநாள் தங்குவோருக்கான மருத்துவக் காப்புறுதி: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரில் கழிக்க விரும்பும் நண்பர் ஒருவர், நானும் என் கணவரும் வைத்திருக்கும் அனைத்துலக மருத்துவக் காப்புறுதியைத் தாமும் எடுக்கலாமா என்று கேட்டார். மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காகச் சில ஆண்டுகளாகத் திருச்சியிலும் சிங்கப்பூரிலுமாக மாறி மாறி வாழ்ந்து வருகிறோம். ஆகவே, விளம்பரத் தாளில் இல்லாத விஷயங்களைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இப்படியொரு திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை நண்பர் அறிவார். இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. ஆனால் நாம் எங்கே இருந்தாலும் அதன் சந்தா நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த திட்டங்கள் சிலவற்றில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு இடமுண்டு. ஆண்டு முழுவதற்குமான பயணக் காப்புறுதியிலோ ஒவ்வொரு பயணத்துக்கும் பெரும்பாலும் 90 நாள் என்று வரம்பு வைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள நோய்களையும் பொதுவாக ஒதுக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஓரிடத்தில் குடியிருப்பவருக்கு இவை எதுவும் போதாது.

எங்கள் திட்டத்தின் நல்ல பக்கத்தை மறைக்க மாட்டேன். அமெரிக்காவை விலக்கிய உலகளாவிய பாதுகாப்பு என்பதைத் தேர்ந்தெடுத்ததால் சந்தா வெகுவாகக் குறைந்தது. இரவு எந்த நேரத்தில் அழைத்தாலும் தொலைபேசியில் ஒரு தாதி பேசுவார். மாமியாரின் வீட்டில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்த இரவில், அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, 'காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்சை அழைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டே இருங்கள்' என்று சொன்ன அந்தக் குரலுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மனக்கசப்பெல்லாம் அதன் பிறகு நடந்ததில்தான். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கையின்போது டியூட்டி டாக்டர் ஒருவர் வந்து நோயாளியின் பழைய நோய்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். என் கணவர் பேசும் நிலையில் இல்லை. நான் பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்த என் கொழுந்தனாரிடம் கேட்டிருக்கிறார்கள். 'அண்ணனுக்கு ரொம்ப நாளாவே பிரஷர் இருக்கு, ஒரு பத்து வருஷம் இருக்கும்' என்று அவர் பதற்றத்தில் சொன்னது, நீல மையில் 'இரத்த அழுத்தம், 10 ஆண்டுகள்' என்று படிவத்தில் ஏறியது. அங்கிருந்து அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் தட்டச்சாகி, மருத்துவமனையின் முத்திரையையும் பெற்றுவிட்டது. உண்மையில் அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது சிங்கப்பூரில் அங் மோ கியோ பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை விண்ணப்பத்திலேயே தெரிவித்திருந்தோம். அதற்காகக் கூடுதல் சந்தாவும் கட்டி வந்தோம்.

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் உண்மையை மறைத்துக் காப்புறுதி எடுத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் காப்புறுதி நிறுவனம், கட்டணத்தைத் தானே ஏற்பதாக மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதத்தை நிறுத்தி வைத்தது. இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த மனிதர் வீட்டுக்குப் போகத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருக்க, நான் சிங்கப்பூருக்கும் வேறொரு நாட்டில் இயங்கும் அவர்களது கோரிக்கைப் பிரிவுக்கும் மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் இருந்தவர் இந்தியக் காப்பீடு வைத்திருந்தார், மதியத்துக்குள் கிளம்பிவிட்டார். இந்தியாவில் 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முன்அனுமதியை ஒரு மணி நேரத்திலும் வீட்டுக்கு அனுப்புவதற்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டில் எடுத்த எங்கள் திட்டத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. கடைசியில் முழுத் தொகையையும் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தோம்.

பிறகு தொடங்கிய கடிதப் போக்குவரத்தில் நான் பட்ட பாட்டை இங்கே விரிக்கப் போவதில்லை. சிங்கப்பூரில் நம் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க உதவும் ஹெல்த்ஹப் செயலியில் உள்ள பரிசோதனை முடிவுகளை அனுப்பினேன். அவை போதாது, நோய் எப்போது கண்டறியப்பட்டது என்று மருத்துவரே எழுதிய அறிக்கை வேண்டும் என்றார்கள். பலதுறை மருந்தகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பித்து, வாரக்கணக்கில் காத்திருந்து அதையும் பெற்றேன். அதற்குப் பிறகும், திருச்சி மருத்துவமனை தன் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு நோயாளியின் கையெழுத்தில் இருக்கும் உறுதிமொழியையும் சிங்கப்பூர் அரசாங்க மருந்தகத்தின் பதிவையும் விட, பதறிப்போன தம்பி வாய்மொழியாகச் சொன்ன ஒரு மதிப்பீடு எப்படி எடைகூடியதாகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போவேன் என்று எழுதிய பிறகே கோப்பு வேகமாக நகரத் தொடங்கியது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: முழுத் தொகையும் வந்தது. மருத்துவமனைக் கட்டணம் மட்டுமல்ல, பின்தொடர் பரிசோதனைகளும் மாத்திரைச் செலவும் சேர்த்து, ஒரு வெள்ளிகூடக் குறையாமல் வந்தது. தாமதத்துக்கு எழுத்துவழி வருத்தமும் தெரிவித்தார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது நல்ல காப்புறுதி என்றே சொல்ல வேண்டும்.

ஆனாலும் நண்பருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோயம்புத்தூரில் மட்டுமே இருக்கப் போகிறார் என்றால், இந்தியக் காப்பீடு ஒன்றை அங்கேயே எடுப்பது அவருக்குப் பொருத்தமாக இருக்கும். வெளிநாடுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்போரும் அதை எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்துவிட்டது. அவருக்கு நீரிழிவு இருப்பதால் அந்த மூன்று ஆண்டுகள் இப்போதே ஓடத் தொடங்குவது நல்லது. அப்படியில்லாமல் பல நாடுகளுக்குப் போய்வருபவராக இருந்து அனைத்துலகத் திட்டத்தைத்தான் எடுப்பார் என்றால், சந்தா சற்றுக் கூடினாலும் விண்ணப்பிக்கும்போதே மருத்துவ வரலாறு முழுவதையும் ஆராய்ந்து முடிவு சொல்லும் வகையை எடுக்கட்டும். கேள்வி எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, பணம் கோரும்போது பழைய நோய்களைத் தோண்டும் வகை வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். ஃபிட்ரெக்கின் கதவு அத்தகைய நிறுவனங்கள் மீதான புகாருக்குத்தான் திறக்கும். நீரிழிவு எந்த ஆண்டில் கண்டறியப்பட்டது என்று மருந்தகத்திடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, உறவினர் ஒவ்வொருவரிடமும் அதன் நகலைக் கொடுத்து வைக்கட்டும்.

நாங்கள் இந்த மாதம் அதே திட்டத்தைப் புதுப்பித்துவிட்டோம். ஸ்டென்ட் வைத்தவரை, அதுவும் அறுபதைத் தாண்டியவரை, இதய நோய்க்கும் சேர்த்து ஏற்றுக்கொள்ள நான் விசாரித்த வேறெந்த நிறுவனமும் முன்வரவில்லை.