வாரண்ட் காலாவதித் தகராறு: ஃபிட்ரெக்கா, நீதிமன்றமா?

வாரண்ட் என்பது ஒரு பங்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்து, குறித்த நாளில் காலாவதியாகும் முதலீட்டுப் பத்திரம். சிங்கப்பூர்ச் சந்தையில் வாங்கிய வாரண்ட் காலாவதியாகி, கைக்கு வந்த தொகை தவறு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: ஃபிட்ரெக் (FIDReC, நிதி நிறுவனங்களோடு வாடிக்கையாளர்களுக்கு வரும் தகராறுகளைத் தீர்க்கும் மையம்), அல்லது நீதிமன்றம். அதற்கு முன் வாரண்டின் விதிகள் அடங்கிய வெளியீட்டு ஆவணத்தைப் படியுங்கள். உள்ளூர்ப் பங்கு வாரண்டுகளில் பெரும்பாலும் காலாவதி நாளில் அந்தப் பங்கின் விலை கணக்கில்லை. அதற்கு முந்தைய 5 சந்தை நாட்களின் சராசரிதான். இது தெரியாமல் கொடுக்கும் புகார் எங்கேயும் நிற்காது.

செலவு
ஃபிட்ரெக்: சமரசத்தில் தீராமல் தீர்ப்பாளரிடம் போனால் 50 வெள்ளி, கூடவே வரி.
நீதிமன்றம்: வழக்கறிஞர் கட்டணம், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம்.

கெடு
ஃபிட்ரெக்: நீங்கள் புகார் கொடுத்த நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதம்.
நீதிமன்றம்: ஒப்பந்த மீறலுக்கு 6 ஆண்டு.

தீர்ப்பின் பலம்
ஃபிட்ரெக்: நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆகவேண்டும், ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகலாம். சிறு முதலீட்டாளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது கடினம்.
நீதிமன்றம்: இருவரையும் கட்டும்.

தரகர் கடைசி வர்த்தக நாளைத் தவறாகச் சொல்லியிருந்தால் ஃபிட்ரெக் போதும். தீர்வுச் சூத்திரத்தின் (காலாவதியில் தரவேண்டிய தொகையைக் கணக்கிடும் விதியின்) பொருளே சண்டை, தொகையும் பெரிது என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள்.