மிட்டாயா, நட்சத்திரமா, பாராட்டா?

வாசிக்கத் தயங்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஊக்கப்படுத்த நினைக்கும் ஆசிரியர் முன் மிட்டாய், நட்சத்திரம், பாராட்டு, பிடித்த வேலை என நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

மிட்டாயும் பென்சிலும் கைமேல் பலன் தருபவை என்பதால், புத்தகத்தைத் தொடவே மறுக்கும் பிள்ளைக்கு முதல் சில நாள்கள் அவற்றைக் கொடுப்பதில் தவறில்லை. தானாகவே விரும்பிச் செய்யும் பிள்ளைக்கு அவை கேடாகவும் முடியலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், ஓரிரு வாரங்களுக்குப் பின் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம், பரிசே பெறாதவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

நட்சத்திரத்தில், எதற்குக் கொடுக்கிறோம் என்பதே முக்கியம். பணத்தைப் பரிசாக வைத்து அமெரிக்கப் பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, டாலஸ் நகரில் ஒரு புத்தகம் படித்தால் 2 டாலர் என்று கொடுத்தபோது, இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் மட்டும் வாசிப்பு மேம்பட்டது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. புத்தகம் படிப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்பது அதற்குத் தெரிவதில்லை. ஆகவே மதிப்பெண்ணுக்கு நட்சத்திரம் ஒட்டும் சுவர் அட்டவணையை நான் ஏற்பதில்லை. எப்போதும் அதிக மதிப்பெண் வாங்கும் அதே நான்கு பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரேதான் நட்சத்திரம் மாதம் முழுதும் மின்னும்.

என் முதல் தேர்வு பாராட்டுதான். அதுவும் பொதுப்படையான பாராட்டு அன்று. சொல்வதெழுதுதல் ஏட்டில் சிவப்பு மையால் 'வெரி குட்' என்று எழுதுவதைவிட, "நேற்று 'மளை' என்று எழுதினாய், இன்று நீயே அடித்துவிட்டு 'மழை' என்று திருத்தியிருக்கிறாய்" என்று சொல்வது பிள்ளைக்குத் தான் செய்ததைச் சுட்டிக் காட்டுகிறது. 'நீ கெட்டிக்காரன்' என்ற சொல்லையும் தவிர்க்கிறேன். உளவியலாளர்கள் முல்லர், டுவெக் ஆகியோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், அறிவுக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட விரைவில் சோர்ந்தார்கள்.

பிடித்த வேலையையே பரிசாக்குவதற்குச் செலவில்லை. பாடத்தை முடித்தவர் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டலாம் என்றால் பலர் துள்ளி எழுவார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கோ அதுவே தண்டனை. அந்தப் பிள்ளைக்குப் புத்தக அலமாரி அருகே தனியாகப் பத்து நிமிடம் கொடுப்பேன்.