டேங்க் மாடலுக்கு எந்த டிராக்: வினைலா, பிளாஸ்டிக்கா, உலோகமா?

1/35 அளவில் இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டேங்கான டைகரைச் செய்கிறோம். நிஜ வண்டி 57 டன். அந்தக் கனம் மாடலில் தெரிய வேண்டுமென்றால் பெயின்டைவிட டிராக்தான், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டைதான், முக்கியம் என்பேன். டைகரிலும் சோவியத் டேங்கான டி-34-லும், டிராக்கின் மேல்வரிசையைத் தாங்கும் சின்ன உருளைகள் (தாங்குருளைகள்) கிடையாது. இரும்புக் கண்ணிகள் தம் எடையாலேயே தொய்ந்து சக்கரங்களின் மேல் படுத்துக் கிடக்கும். மாடலில் அது ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக நின்றால், மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொம்மைதான்.

வினைல் டிராக் ஒரே பட்டை. சுற்றி ஒட்டினால் வேலை முடிந்தது. இப்போது வருபவற்றில் பல சாதாரண பிளாஸ்டிக் பசைக்கே ஒட்டிக்கொள்ளும். தொய்வு வேண்டுமென்றால் ஹல்லின் (டேங்கின் உடற்பகுதி) பக்கவாட்டில் சின்னத் துளை போட்டு, பட்டையின் மேல் விளிம்பைக் கம்பித் துண்டால் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். அமெரிக்க ஷெர்மன் டேங்குக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் கண்ணி இணைப்புகளில் ரப்பர் புஷ் (உறை) உண்டு, மேலே தாங்குருளையும் உண்டு. நிஜத்திலேயே டிராக் இழுத்துக் கட்டினாற்போல்தான் இருக்கும். ஆனால் சில பழைய வினைல்கள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை வருடக்கணக்கில் மெல்ல இளக்கிவிடும். சக்கரங்களுக்கு பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் மாட்டாதீர்கள்.

தனித்தனிக் கண்ணி பிளாஸ்டிக் டிராக் பொறுமைக்காரர்களுக்கு. டைகருக்கு ஒரு பக்கம் 96 கண்ணிகள், இரண்டு பக்கமும் 192. ஒவ்வொன்றையும் வெட்டி, முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் பலன் பெரியது. ஸ்கேலின் ஓரமாகக் கண்ணிகளை வரிசையாக அடுக்கி, கெட்டியான பசை தடவி, அரை மணி நேரம்போல விடுங்கள். பசை பிடித்திருக்கும், ஆனால் முழுக்க இறுகியிருக்காது. அப்போது தூக்கிச் சக்கரங்களில் சுற்றி, மேல்வரிசையை ஸ்பாஞ்சுத் துண்டுகளால் அழுத்தி வைத்தால், மறுநாள் தொய்வு அப்படியே இறுகி நிற்கும். மெல்லிய பசையானால் இந்த அவகாசம் கிடைக்காது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. மேலும் கீழும் நீளத் துண்டுகள், வளைவுகளில் மட்டும் தனிக் கண்ணிகள். தொய்வு வார்ப்பிலேயே வந்துவிடும். என் தேர்வு பெரும்பாலும் இதுதான். ஒரு சக்கரம் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தால்கூடக் கடைசியில் பாதிக் கண்ணி அளவுக்கு இடைவெளி விழும். அதனால் ஐட்லர் சக்கரத்தை (இன்ஜின் ஓட்டாத முனைச் சக்கரம்) முதலில் ஒட்டாமல் விட்டு, டிராக் சேர்ந்த பிறகு சரிசெய்து ஒட்டுங்கள். நிஜ டேங்கிலும் ஐட்லரை நகர்த்தித்தான் டிராக்கை இறுக்குவார்கள்.

வெள்ளீயக் கலவையில் வார்த்த உலோக டிராக் எடையிலேயே தொய்யும். கறுப்பாக்கும் திரவத்தில் முக்கி எடுத்து, தரையில் படும் பகுதியை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் வருவது நிஜ உலோகப் பளபளப்பு; எந்தப் பெயின்டாலும் அதைக் கொண்டுவர முடியாது. விலை சில சமயம் மாடல் கிட்டின் விலையையே எட்டும். அடைபட்ட துளைகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கம்பி செருக வேண்டும். மெல்லிய சக்கர அச்சு உள்ள வண்டிக்கு அந்த எடை ஆகாது. 3டி பிரிண்ட் டிராக் சட்டென்று கோத்துவிடலாம், ஆனால் உடையக்கூடியது.

டைகர், டி-34 என்றால் வினைலைத் தாண்டிச் செலவு செய்யுங்கள். பக்கத் தகடு மாட்டிய பிரிட்டிஷ் செஞ்சூரியன் டேங்கில் மேல்வரிசை வெளியே தெரியாது, அதற்கு வினைலே போதும்.